நாலு விரல் மண்டி

யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே நாளில் எழும்பி நடந்ததே, அந்தப் பெரிய இடப்பெயர்வு நடந்து மூன்றாம் மாதம் அது. இங்கே இத்தாலியில், பலெர்மோவில் எங்கள் சனம் தொலைபேசிக் கடைகளில் வரிசையாக நின்று, தங்கள் ஆட்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில், எந்தக் கோயில் விறாந்தையில் இருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்த தை மாதம். அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த வேலை ஒரு போத்தலை ஆட்டுவது. சமையல் செய்யும் குசினிக்குள் போகிற ஒவ்வொரு முறையும் மேசையில் இருக்கும் கண்ணாடிப் போத்தலைக் கையில் எடுத்து, நாலு தரம் மெதுவாகச் சுழற்றி, திரும்ப வைக்கவேண்டும். உள்ளே தேயிலைச் சாயம் மாதிரி மண்ணிறத் தண்ணீர். வாயில் வெள்ளித்தாளால் ஒரு தொப்பி. அறுபத்தெட்டு வயது மனிதன், எழுபத்து மூன்று வயது மனிதனின் குசினியில் நின்று, குழந்தைப் பிள்ளையைப் போல ஒரு போத்தலைத் தாலாட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் யாராவது கண்டிருந்தால் கடல் கடந்து போய் இவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் ஜெசிந்தா எழுதுகிறாள். என் கதையைப் புத்தகத் தமிழில் திருத்தி எழுதுகிறாள். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே விடச் சொல்லியிருக்கிறேன். இப்போதே பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். "மாமா, போத்தில்லை தொடங்கினியள், இப்ப என்னைப் பற்றிச் சொல்லுறியள். பியருக்கு வாங்கோ." வருகிறேன்.

அந்தக் குசினி லிபெர்த்தா வீதியில், மூன்றாம் மாடியில். வீட்டுக்காரர் சிஞ்ஞோர் நீனோ. நாங்கள் இருப்பது போர்கோ வெக்கியோவில், சந்தை இரைச்சலுக்கு மேலே. அங்கிருந்து காலையில் நடந்து போவேன். அவரைக் குளிக்க வார்ப்பது, முகம் வழிப்பது, உப்பில்லாத பாஸ்தா அவிப்பது, வெயில் வந்தால் கைபிடித்து மரங்களுக்குக் கீழே நடத்துவது என் வேலை. அவருக்கு நெஞ்சில் வருத்தம். மகள் மாரா பகேரியாவில் குடியிருந்தாள், ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலில் வந்து போவாள். முதல் மாதம் அந்த வீட்டில் எனக்கு விளங்கிய ஒரே சொல் 'குச்சீனா'. எங்கள் குசினிதான் அது. குசினி என்று ஒரு சொல்லாவது எனக்கு முன்பே வந்து இந்த ஊரில் இருக்கிறதே என்று ஆறுதலாக இருந்தது.

நீனோ என்பதும் அந்தோனிதான், நானும் அந்தோனிப்பிள்ளை. அவர் என் பேரை முழுதாகச் சொல்லமாட்டார். இந்தத் தீவில் ஆளைக் கூப்பிடும்போது பேரின் வாலை வெட்டிவிடுவார்கள். "அந்தோ!" என்று அறைக்குள்ளிருந்து கூப்பிடுவார். ஊரில் தபசுகாலப் புலம்பல்களில் ஆண்டவரைச் சிலுவையில் அறையும் இடத்தில் 'அந்தோ' என்று இழுத்துப் பாடுவார்களே, அதே அந்தோ. செருப்பைக் காணவில்லை என்றாலும் அந்தோ, சூப்பு ஆறிவிட்டது என்றாலும் அந்தோ. யாரோ செத்த வீட்டில் வேலை செய்வது போல இருக்கும் எனக்கு. பிறகு பழகிவிட்டது.

அவர் இருபத்திரண்டு வருடம் ஜெர்மனியில் ஒரு பியர் ஆலையில் வேலை செய்தவர். பென்சன் எடுத்துச் சில வருடம் அங்கேயே இருந்துவிட்டு, மனைவி ஜூசெப்பாவோடு ஊர் திரும்புவதென்று சாமான்களைக் கட்டி முடித்திருந்தார்கள். போன வருட உயிர்ப்புத் திருநாள் கழிந்து இரண்டாம் கிழமை அந்த மனுசி அங்கேயே செத்துப்போனா. அங்கேயே அடக்கம். கட்டிய பெட்டிகளோடு இவர் தனியாக வந்தார். நான் வேலைக்குப் போனபோது அந்த மனுசியின் பெட்டி இன்னும் கயிறு அவிழ்க்காமல் கட்டிலுக்குக் கீழே இருந்தது.

இருவரும் பின்னேரங்களில் ஒரு போத்தல் லாகர் பியரை இரண்டு கிளாசில் பங்கிட்டுக் குடிப்பார்களாம். அது அவர்களின் வழக்கம். அதனால் முதலாம் ஆண்டு நினைவுக்குத் தன் கையால் செய்த லாகர் ஒரு போத்தல் அவவின் குழிக்குப் போகவேண்டும் என்று நீனோ முடிவெடுத்தார். பாதியை அங்கே மண்ணில் ஊற்றவேண்டும், பாதியை இங்கே அவர் குடிக்கவேண்டும். கொண்டுபோக ஆள் இருந்தது. பெப்பே என்ற லொறிக்காரர் பகேரியாவிலிருந்து எலுமிச்சம்பழம் ஏற்றிக்கொண்டு ஜெர்மனிக்குப் போய்வருவார். தை மாதம் அவர் திரும்பி வரும்போது, நீனோவின் பழைய கூட்டாளி ஒருவர் ஆலையிலிருந்து எடுத்துக் கொடுத்த ஈஸ்டை ஒரு மருந்துப் போத்தலில் கொண்டுவந்து தந்தார். சாப்பாட்டுக் கரண்டியால் ஒரு கரண்டிதான் இருக்கும். பழைய சுண்ணாம்புத் தண்ணீர் போல இருந்தது.

"அந்தோ, இது காணாது," என்றார் நீனோ. பியர் இருபது லீற்றர் வைக்க நினைத்திருந்தார்.

"ஏன் காணாது சிஞ்ஞோர்? எங்கடை ஊரிலை ஒண்டும் விடாமலே கள்ளு மத்தியானத்துக்குள்ளை பொங்கும்."

"உங்கடை ஊர் வெக்கை. வெக்கைக்குள்ளை நாலு பேர் வந்தாலும் வேலை நடக்கும். லாகர் குளிருக்குள்ளை வேலை செய்யிற சாமான். குளிருக்குள்ளை கொஞ்சப் பேரை இறக்கிவிட்டால் சுருண்டு படுத்திடுவினம். கனபேர் வேணும். முதல் ஆக்களைப் பெருக்கவேணும், பிறகுதான் வேலை."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. போத்தலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்த முதல் குளிர்காலம் எனக்கு ஞாபகம் வந்தது. அப்போது போர்கோ வெக்கியோவில் எங்கள் ஆட்கள் விரல்விட்டு எண்ணலாம். கோயிலில் பின் வரிசையில் மூன்று பேர் இருந்து, மூன்று பேரும் வேறு வேறு நேரத்தில் எழும்பி முழந்தாளிடுவோம். இப்போது தமிழ்ப் பூசைக்கு இடம் காணாமல் வாசலில் நிற்கிறார்கள். "மாமா, ஈஸ்ட்," என்கிறாள் ஜெசிந்தா.

ஈஸ்ட் பெருக்குவது இப்படித்தான். மால்ட் மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, அதற்குள் அந்த ஒரு கரண்டியை விடவேண்டும். ஆட்ட ஆட்ட அது தின்று பெருகும். இரண்டு நாளில் நுரை கட்டும், பிறகு அடங்கும். அடங்கியதும் ஃபிறிஜ்ஜுக்குள் வைத்தால் மேலே தெளிந்து, கீழே வெள்ளையாக மண்டி இறங்கும். தெளிவை ஊற்றிவிட்டு மண்டியின் மேல் புதிதாகக் காய்ச்சிய மால்ட் தண்ணீர் விடவேண்டும். முதலில் அரை லீற்றர், பிறகு இரண்டு, பிறகு ஐந்து. ஒவ்வொரு முறையும் மண்டி தடிக்கும். நீனோ போத்தலின் அடியில் தன் விரல்களைக் கிடையாக வைத்து அளப்பார். பெரிய போத்தலில் நாலு விரல் வந்தால்தான் இருபது லீற்றருக்குக் காணும் என்பது அவர் கணக்கு. தை மாதக் கடைசியில் சின்னப் போத்தலிலேயே இரண்டு விரல் வந்துவிட்டது. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

அந்தக் கிழமை அவருக்கு மூச்சு இழுத்தது. ஆசுப்பத்திரியில் மூன்று நாள் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்கள். தூக்குக் கட்டிலில் வைத்து லிஃப்டுக்குள் தள்ளும்போதும் அவருக்குப் போத்தல் யோசனைதான். மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தினார்: "அந்தோ! பூத்தா இல் கியாரோ, தியேனி இல் ஃபொந்தோ!" லிஃப்ட் கதவு மூடிவிட்டது.

'பூத்தா' எனக்கு நன்றாகத் தெரியும். எறி என்று அர்த்தம். குப்பை வாளியைக் காட்டி மாரா ஒவ்வொரு ஞாயிறும் சொல்லும் சொல். 'ஃபொந்தோ' என்றால் அடி. நடுவில் என்ன சொன்னார் என்று என் காதில் தங்கவில்லை. அடியை எறி. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை, ஏனென்றால் என் வாழ்க்கை முழுக்க நான் செய்த வேலையே அதுதான்.

மன்னாரில் பதினெட்டு வருடம் கள்ளுத் தவறணையில் வார்க்கிறவனாக இருந்தேன். பொழுதுபட வந்து குந்தும் ஆட்களுக்கு கள்ளு முட்டியைச் சரித்துப் பனையோலைப் பிளாவில் வார்க்கவேண்டும். மண்டி கலங்காமல் வார்ப்பதுதான் கெட்டித்தனம். ஒரு துளி மண்டி விழுந்தாலும், "என்னடாப்பா அந்தோனி, சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பையோ வாக்கிறாய்?" என்று நாலு பேர் சேர்ந்து பகிடி பண்ணுவார்கள். போதுமென்றால் பிளாவின் மேல் கையை வைத்து, "காணும், காணும்," என்பார்கள். எல்லோரும் போனபிறகு அடியில் கிடப்பதை வேலிப்பக்கம் ஊற்றிவிட்டு முட்டியைக் கழுவிக் கவிழ்ப்பேன்.

என் மனுசி பிலோமினாவுக்கு அந்த மண்டி வேண்டும். அப்பத்துக்கு மா கரைக்க அதைவிட நல்லது இல்லை என்பாள். "அடியிலை கிடக்கிறதை எறியாமல் ஒரு சிரட்டையிலையாவது கொண்டாங்கோவன்," என்று காலையில் சொல்லி அனுப்புவாள். நான் வெறுங்கையோடு வருவேன். மறதி. பத்துத் தரத்தில் ஒருதரம் கொண்டுபோயிருப்பேன். "உங்களுக்கு அடியிலை கிடக்கிறது ஒருநாளும் கண்ணிலை படாது," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். வாய் அப்படி, ஆனால் சுட்ட அப்பத்தில் முதலாவது எனக்குத்தான் வரும்.

நான் இங்கே வந்த பிறகு அவள் சண்டையில் இடம்பெயர்ந்து மடுப் பக்கத்துக் காட்டில் ஒரு கொட்டிலில் இருந்தாள். யாரையோ பிடித்து எழுதுவித்த கடிதம் ஒன்று வந்தது. என் மகன் வாசித்துக் காட்டினான். "உழைச்சது காணும். வாங்கோ." அவ்வளவுதான் விஷயம், மிச்சமெல்லாம் சுகம் விசாரிப்பு. அப்போது எனக்குப் பெர்மெஸ்ஸோ என்கிற தங்கும் அனுமதி இல்லை. போனால் திரும்ப வர முடியாது. இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போவோம் என்று இருந்தேன். அடுத்ததாக வந்த கடிதத்தில் அவள் காய்ச்சலில் செத்து ஒரு மாதம் கழிந்துவிட்டது என்று இருந்தது. மகன் அதை வாசிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தே எனக்கு விளங்கிவிட்டது.

ஜெசிந்தா எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு நீனோவின் குசினியில் நான் என்ன செய்தேன் என்றால், போத்தலை ஃபிறிஜ்ஜிலிருந்து எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தெளிவை ஒரு சொட்டு மண்டி கலக்காமல் வேறு போத்தலுக்கு மாற்றினேன். கை மறக்கவே இல்லை. எனக்கே பெருமையாக இருந்தது. அடியில் இருந்த இரண்டு விரல் மண்டியை சிங்கில் ஊற்றி, சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, பளபளவென்று துடைத்துக் கவிழ்த்து வைத்தேன்.

மூன்றாம் நாள் வந்தார். மேல்கோட்டைக் கழற்றாமலே நேரே ஃபிறிஜ்ஜைத் திறந்தார். தெளிவு இருந்த போத்தலை எடுத்து யன்னலுக்கு நேரே பிடித்தார். பிறகு கவிழ்ந்திருந்த போத்தலைப் பார்த்தார். கதிரையை இழுத்து அதில் இருந்தார். லிஃப்டுக்குள்ளிருந்து அவர் கத்தியது, தெளிவை எறி, அடியை வைத்திரு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அந்தோ," என்றார். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லுக்கு எங்கள் மொழியின் அர்த்தம் வந்தது.

கைச்சைகையிலும் எனக்குத் தெரிந்த இத்தாலியனிலும் தவறணைக் கதையைச் சொன்னேன். வார்த்துக் காட்டினேன். வேலிப்பக்கம் ஊற்றுவதையும் காட்டினேன். ஏசுவார், மகளைக் கூப்பிடுவார், இன்றோடு வேலை சரி என்று நினைத்தேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவிவிடவேண்டியதாயிற்று.

"நான் அங்கை பியர் காய்ச்சின ஆள் எண்டோ நினைச்சாய்? எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கினம். என்ரை மகளும் அப்பிடித்தான் நினைக்கிறாள். நான் தாங்கி கழுவினனான், அந்தோ. வீடு மாதிரித் தாங்கி. அதுக்குள்ளை இறங்கி, அடியிலை கிடக்கிற ஈஸ்டைக் குழாய்த் தண்ணி அடிச்சுக் கானுக்குள்ளை தள்ளுறது. இருபத்திரண்டு வரியமாய் நான் எறிஞ்ச ஃபொந்தோவுக்கு இந்தக் கடலே காணாது. நீ ஒரு போத்தில்."

பெப்பேயிடம் இன்னொரு மருந்துப் போத்தல் கேட்கலாமே என்றேன். கொடுத்த கூட்டாளி அந்த மாதத்தோடு பென்சன் எடுத்துப் போய்விட்டாராம். ஆலையில் இப்போது நீனோ என்ற பேரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

ஆனால் அவர் விடவில்லை. தெளிவென்று நான் வைத்திருந்த தண்ணீரிலும் கீழே இறங்காமல் கொஞ்சப் பேர் மிதந்துகொண்டிருப்பார்கள், அவர்களைப் பெருக்கலாம் என்றார். திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை நுரை கட்ட ஆறு நாள் சென்றது. நான் காலையில் வந்தவுடன் அவர் முகத்தைப் பார்க்க முதல் போத்தலைத்தான் பார்ப்பேன். ஆட்டினேன், காய்ச்சினேன், ஆறவைத்தேன். மண்டி நூல் தடிப்பில் வந்தது. பிறகு அரை விரல். மாசி முடிய ஒரு விரல்.

ஒரு ஞாயிறு மாரா வந்து ஃபிறிஜ்ஜைத் திறந்து மூக்கைப் பொத்தினாள். "அப்பாவுக்கு டொக்டர் ஒரு துளியும் குடிக்கவேண்டாம் எண்டவர். இதை ஏன் வைச்சிருக்கிறியள்? பூத்தா!" என்றாள். நான் போத்தலுக்கு முன்னால் போய் நின்றேன். இந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு நான் கீழ்ப்படியாத முதல் தரம் அது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அறைக்குள் படுத்திருந்த தகப்பனைப் பார்த்தாள். ஃபிறிஜ் கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

பங்குனியில் சிரோக்கோ வீசியது. ஆபிரிக்காப் பக்கமிருந்து வரும் சூட்டுக் காற்று அது. யன்னலில் செம்மண் படிந்தது. குளிர் போய்க்கொண்டிருந்தது, லாகர் வைக்க இனிக் காலமில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "இளசாய் இருந்தாலும் பறவாயில்லை. ஒரு போத்தில் வந்தால் காணும்," என்றார். அவரால் இப்போது எழும்பிக் குசினிக்கு வர முடியாது. படுக்கையிலிருந்தபடி கேட்பார். போத்தலைக் கொண்டுபோய்க் காட்டலாம்தான். ஆனால் தூக்கி நடந்தால் இறங்கிய மண்டி கலங்கிவிடும், வேண்டாம் என்பார். நானே விரல் வைத்துப் பார்த்து வந்து சொல்வேன்.

சூசையப்பர் திருநாளுக்கு முதல் நாள். போர்கோ வெக்கியோவில் பழைய கதவு, கதிரையெல்லாம் குவித்து எரிப்பதற்குக் காலையிலிருந்தே சந்தியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சூசையின் பெண்பேர்தான் ஜூசெப்பா, நாளைக்கு அவவின் பெயர்த் திருநாள் என்று நீனோ சொன்னார். பிறகு கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"அந்தோ, எத்தினை விரல்?"

குசினிக்குப் போனேன். ஃபிறிஜ்ஜைத் திறந்து விரலை வைத்தேன். இரண்டரை. திரும்ப வைத்துப் பார்த்தேன். இரண்டரைதான். அறைக்கு வரும்வரை இரண்டரைதான் என் வாயில் இருந்தது.

"குவாத்ரோ," என்றேன். நாலு.

"அல்லோரா பாஸ்தா," என்றார்.

பாஸ்தா என்றால் சாப்பாடு மட்டுமில்லை. சற்று வேறு மாதிரி அழுத்திச் சொன்னால் 'போதும்' என்றும் அர்த்தம். கரைச்சல் கொடுக்கிறவர்களைப் பார்த்துச் சொல்வார்கள், சந்தையில் சண்டையை நிறுத்தச் சொல்வார்கள். நீனோ அன்றைக்குச் சொன்னது பிளாவின் மேல் கையை வைத்துச் சொல்கிற மாதிரி இருந்தது. அப்படியெண்டால் காணும். அடுத்த நாள் பத்து மணியளவில் அவர் மூச்சு நின்றுவிட்டது. நான் அவருக்கு முகம் வழித்துவிட்டுத்தான் மாராவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

அடக்கம் இங்கே, பலெர்மோவில். அவர் ஒரு மண்ணில், அவ இன்னொரு மண்ணில். நான் இந்த மண்ணில், பிலோமினா மடுக் காட்டில்.

வீட்டை ஒதுக்கும்போது அந்தப் போத்தலை எடுத்துக்கொள்ளலாமா என்று மாராவிடம் கேட்டேன். தோளைக் குலுக்கினாள். எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, மீதமிருந்த மால்ட்டைக் காய்ச்சி விட்டு, ஒரு கிழமை ஆட்டினேன். ஃபிறிஜ்ஜில் வைத்தேன். மண்டி இறங்கியது. விரலை வைத்தேன். நாலு.

உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு பெப்பே லொறியோடு புறப்படுகிறார் என்று கேள்விப்பட்டுப் பகேரியாவுக்கு பஸ் எடுத்தேன். மண்டியில் பாதியை அதே மருந்துப் போத்தலில் அடைத்துக் கொண்டுபோனேன். நீனோ மனைவி, மேலே மண், இதை, என்று எனக்குத் தெரிந்த சொற்களை அடுக்கினேன். அவர் போத்தலை ஆட்டிப் பார்த்தார்.

"இது ஃபொந்தோ. பியர் எங்கை?"

"பியர் இல்லை. இதுதான்."

"இதை எறியிறது, வயது போனவரே. பூத்தா."

"நோ பூத்தா! நோ பூத்தா!" என்று கத்தினேன். எலுமிச்சம்பழப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெப்பே என் தோளில் தட்டி, போத்தலைத் தன் இருக்கைக்கு முன்னால் வைத்துக்கொண்டு போனார். அதன்பிறகு நான் அவரைக் காணவில்லை. வேறு பாதையில் ஓடுகிறார் என்றார்கள்.

மற்றப் பாதியில் நீனோவின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அப்பத்துக்கு மா கரைத்தேன். விடிய மா பொங்கி மூடியைத் தூக்கியிருந்தது. ஜெசிந்தா சுட்டாள். மாராவும் வந்து, நின்றபடியே இரண்டு சாப்பிட்டாள். எதில் செய்தது என்று கேட்டாள். "ஃபொந்தோ," என்றேன். விளங்கவில்லை அவளுக்கு. முதல் அப்பத்தை நான் ஒருவருக்கும் கொடுக்காமல் ஒரு கோப்பையில் எடுத்து வைத்திருந்தேன்.

இன்னும் ஒரு கரண்டி மண்டி எங்கள் ஃபிறிஜ்ஜில் இருக்கிறது. மாதம் ஒருமுறை தீனி போடுகிறேன். இப்போது நான் சொல்லவந்த விஷயம் இதுதான். ஜெர்மனியில் எங்கள் ஆட்கள் கனபேர் இருக்கிறீர்கள், இதை வாசிப்பீர்கள், இல்லையென்றால் வாசித்தவர் சொல்லக் கேட்பீர்கள். ஸ்டுட்கார்ட்டுக்குக் கிட்ட, ஆற்றங்கரையில் ஒரு பியர் ஆலை இருக்கிற சின்ன ஊர். கல்லறையில் மதில் பக்கமாக, இத்தாலியப் பேர் எழுதிய கல் ஒன்று இருக்கிறது, ஜூசெப்பா என்று. அந்தப் பக்கம் வேலைக்கோ, சாமத்திய வீட்டுச் சடங்குக்கோ போகிறவர்கள் யாராவது ஒருக்கால் எட்டிப் பாருங்கள். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துப் போத்தல் இருந்தால், கழுவவேண்டாம், துடைக்கவேண்டாம். அந்த மனுசியிடம் தமிழிலேயே சொல்லுங்கோ, அவவுக்கு விளங்கும்: பிழை உங்கடை மனுசனிலை இல்லை, எறிஞ்சது பலெர்மோவிலை இருக்கிற அந்தோனி. போத்தல் இல்லாவிட்டாலும் சொல்லுங்கோ. போக முடியாதவர்கள், போகக்கூடியவர் ஒருவருக்கு இதைச் சொல்லிவிடுங்கோ.